காப்பிக் கடையில் உட்கார்ந்த கணக்கு வாத்தியார்

பிளஸ் டூ கணக்குப் பாடம் படித்த யாருக்கும் டி மாய்வர் என்ற பெயர் மறந்திருக்காது. கலப்பெண்கள் பாடத்தில் அவர் பெயரில் ஒரு தேற்றம் வரும். பரீட்சையில் கட்டாயம் ஒரு கேள்வி உண்டு. மார்க் வாங்கியதோடு அவரை நாம் விட்டுவிட்டோம். எங்கள் ஆக்சுவரி தொழிலில் மட்டும் அந்த மனிதர் விடாமல் பின்னாலேயே வருகிறார்.

மலர்க் குழுவில் உள்ள நண்பர்கள் இந்த வருடம் ஆக்சுவரி படிப்பைப் பற்றி மாணவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். ஆக்சுவரி என்று சொன்னதும் ஆக்டரா என்று திருப்பிக் கேட்ட உறவினர்கள் எனக்கு உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் கழித்துக் கொடுக்க வேண்டிய, கொடுக்க நேருமா நேராதா என்றே தெரியாத பணத்துக்கு இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதன் கீழ் கையெழுத்துப் போடுபவர்தான் ஆக்சுவரி. ஆயுள் காப்பீட்டு பிரீமியம், பென்ஷன் நிதி எல்லாம் அவர் கையெழுத்தை நம்பித்தான் நடக்கின்றன. எத்தனை பேப்பர், எவ்வளவு ஃபீஸ், என்ன சம்பளம் என்ற விவரங்களை எங்கேயும் தெரிந்துகொள்ளலாம். நான் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். இந்தத் தொழில் எதன் மேல் நிற்கிறது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

ஆபிரகாம் டி மாய்வர் 1667 மே 26ஆம் தேதி பிரான்ஸில் வித்ரி என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா ஒரு சர்ஜன். பெரிய பணக்காரர் இல்லை, ஆனால் பையனின் படிப்பில் குறை வைக்கவில்லை. குடும்பம் புராட்டஸ்டண்ட் மதம். கத்தோலிக்கர் நிறைந்த பிரான்ஸில் அவர்கள் சிறுபான்மையினர். 11 வயதில் செடான் நகரத்தில் இருந்த புராட்டஸ்டண்ட் கல்விக்கூடத்தில் சேர்த்தார்கள். நாலு வருஷத்தில், 1682ல், அரசாங்கம் அதை இழுத்து மூடிவிட்டது. பிறகு சோமூர் என்ற ஊருக்குப் போய் தர்க்கம் படித்தார். அங்கே கணக்கு பாடத்திட்டத்திலேயே இல்லை. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் சூதாட்டக் கணக்கைப் பற்றி எழுதிய சிறு நூல் ஒன்று கையில் கிடைக்க, தானாகவே உட்கார்ந்து படித்தார். அந்த வயதில் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அந்தப் பாதிதான் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று இப்போது பார்த்தால் தோன்றுகிறது.

1684ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். முறையாகக் கணக்கு கற்றுக்கொண்டது அங்கேதான். அடுத்த வருடமே இடி விழுந்தது. புராட்டஸ்டண்ட்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை 1685ல் மன்னர் பதினான்காம் லூயி ரத்து செய்தார். மதம் மாறச் சொல்லி டி மாய்வரை ஒரு மடத்தில் அடைத்து வைத்தார்கள். அவர் மாறவில்லை. வெளியே வந்ததும் லண்டனுக்குக் கப்பலேறினார். பிறகு தாய்நாட்டில் போய் வாழவே இல்லை.

இருபது வயதை ஒட்டிய இளைஞன். கையில் பட்டம் இல்லை, பணம் இல்லை, பேச்சில் அந்நிய வாடை. என்ன செய்வான்? நம் ஊர்ப் பிள்ளைகள் செய்வதைத்தான் அவரும் செய்தார். ட்யூஷன் எடுத்தார்! பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வீடு வீடாக நடந்து போய்க் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அப்படிப் போன ஒரு பிரபுவின் வீட்டில்தான் நியூட்டனின் பிரின்சிபியா அவர் கண்ணில் பட்டது. 1687ல் வெளிவந்த நூல். புரட்டிப் பார்த்தவருக்குத் தனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் கைப்பிடியளவு என்று புரிந்துபோனது. எப்படியோ ஒரு பிரதியை வாங்கிவிட்டார். உட்கார்ந்து படிக்கத்தான் நேரம் இல்லை. தாள்களைக் கிழித்துச் சில பக்கங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாராம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் இடைவெளியில் படிப்பாராம். வேலைக்குப் போய்க்கொண்டே ஆக்சுவரி பரீட்சைக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளவும்.

அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். 1695ல் டி மாய்வரின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை ராயல் சொசைட்டிக்குக் கொண்டு போனவர் அவர். 1697ல் டி மாய்வர் அந்தச் சபையின் ஃபெலோ ஆனார். நியூட்டனும் நண்பரானார். வயதான காலத்தில் தன்னிடம் கணக்கு கேட்டு வருபவர்களை நியூட்டன், இதெல்லாம் என்னைவிட டி மாய்வருக்கு நன்றாகத் தெரியும் என்று அவரிடம் அனுப்பி வைப்பார் என்று ஒரு கதை உண்டு.

இவ்வளவு பெருமை இருந்தும் ஒரு பல்கலைக்கழகம்கூட அவருக்கு நாற்காலி போடவில்லை. ஜெர்மனியின் லைப்னிட்ஸ் போன்றவர்கள் சிபாரிசுக்கு முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. அந்நியர் என்ற முத்திரை கடைசி வரை அழியவில்லை. ஆகவே ட்யூஷனும் காப்பிக் கடையுமே அவருக்குக் கதி. லண்டனில் செயின்ட் மார்ட்டின் தெருவில் ஸ்லாட்டர் காப்பிக் கடை என்று ஒன்று இருந்தது. அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பார். சீட்டாட்டத்தில், பகடையில் ஜெயிக்கும் வாய்ப்பு என்ன என்று கேட்டுச் சூதாடிகள் வருவார்கள். ஆயுள் ஆண்டுத்தொகை வாங்கலாமா, விற்கலாமா, என்ன விலை சொல்லலாம் என்று கேட்டு வியாபாரிகள் வருவார்கள். கணக்குப் போட்டுக் கொடுத்து ஃபீஸ் வாங்கிக்கொள்வார். இன்றைக்குக் கன்சல்டன்ட் என்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து செய்கிறோமே, அதே வேலைதான். என்ன, அவருக்கு ஏ.சி. கிடையாது!

இந்த ஆயுள் ஆண்டுத்தொகை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால், உயிரோடு இருக்கும் வரை வருஷா வருஷம் பணம் வரும். இப்போதைய பென்ஷன் பாலிசியின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1690களில் இங்கிலாந்து அரசாங்கம் போர்ச் செலவுக்குப் பணம் திரட்ட இதை விற்றது. 100 பவுன் கட்டினால் ஆயுள் முழுக்க வருஷம் 14 பவுன். வேடிக்கை என்னவென்றால், வயது வித்தியாசமே பார்க்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் அதே விலை, எழுபது வயதுக் கிழவருக்கும் அதே விலை.

ஹாலி 1693ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, ஆயிரம் குழந்தைகளில் எந்தெந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அட்டவணை போட்டிருந்தார். 6 சதவீத வட்டியில், வருஷம் ஒரு பவுன் வாங்க 10 வயதில் 13.44 பவுன் கொடுக்கலாம், 70 வயதில் 5.32 பவுன்தான் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அரசாங்கத்தின் 14 பவுனுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் பெயரில் வாங்கியவருக்கு 188 பவுன் பெறுமானமுள்ள சரக்கு 100 பவுனுக்குக் கிடைத்தது. எழுபது வயதுக்காரர் அதே 100 பவுன் கொடுத்து 74 பவுன் சரக்கை வாங்கினார். இந்த நஷ்டம் யார் தலையில் விழும்? வரி கட்டும் ஜனங்கள் தலையில்தான். கணக்கு தெரியாத இடத்தில் ஒருத்தர் பணம் இன்னொருத்தர் பைக்குப் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆக்சுவரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

அட்டவணை வந்துவிட்டது, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வயதுக்கும், வருஷம் வருஷமாக, மிஞ்சுகிறவர்களின் எண்ணிக்கையை வட்டியால் தள்ளுபடி செய்து கூட்டிக்கொண்டே போக வேண்டும். கால்குலேட்டர் இல்லாத காலம். கணவன் மனைவி இருவர் ஆயுளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றால் தலையே சுற்றும். இங்கிலாந்தில் நிலக் குத்தகைகூட மூன்று பேர் ஆயுள் வரை என்று எழுதுவார்கள். ஒரு சாதாரண வக்கீலோ கணக்குப்பிள்ளையோ இதைப் போட்டு முடிக்க முடியாது.

டி மாய்வர் ஹாலியின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். 54 வயதில் 302 பேர். 55ல் 292. 56ல் 282. இப்படியே 70 வயதில் 142 வரை வருஷத்துக்குச் சரியாகப் பத்துப் பத்தாகக் குறைகிறது! மற்ற வயதுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் மனிதர்கள் ஒரு கூட்டுத் தொடர்போல ஒரே சீராகக் குறைந்து 86 வயதில் பூஜ்யமாகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் என்ன? 50 வயதுக்காரருக்கு மிச்சம் 36 வருஷம். அதில் பாதி, 18 வருஷம், அவருடைய சராசரி எதிர்கால ஆயுள். ஆண்டுத்தொகையின் விலைக்கும் ஒரே வரியில் ஒரு வாய்பாடு வந்துவிடுகிறது. 1725ல் ஆயுள் ஆண்டுத்தொகைகளைப் பற்றிய சிறு நூலாக இதை வெளியிட்டார்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த சீனியர் ஒருவர் இதைக் கையால் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஆபீஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து போட்டேன். 6 சதவீத வட்டியில் 40 வயதுக்கு டி மாய்வர் வாய்பாடு 10.70 தருகிறது, ஹாலி 10.57. 50 வயதுக்கு 9.49, ஹாலி 9.21. 70 வயதுக்கு 5.51, ஹாலி 5.32. அடேயப்பா! பக்கம் பக்கமாகப் போட்ட கணக்குக்கும் ஒற்றை வரிக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு அந்த சீனியர் சொன்ன ஒரு விஷயம் இன்றும் எனக்கு வேதவாக்கு. வாய்பாடு பொருந்துகிற இடம் தெரிந்தால் மட்டும் போதாது, பொருந்தாத இடத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். ஹாலியின் அட்டவணையில் ஒரு வயதில் 1000 குழந்தைகள், பத்து வயதில் 661 பேர். பிஞ்சிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அங்கே டி மாய்வரின் நேர்கோடு செல்லாது.

இன்னொரு பக்கமும் அவருக்கு உண்டு. நிகழ்தகவு பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய பெரிய நூல் 1718ல் வந்தது. அதை நியூட்டனுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். 1733ல் லத்தீன் மொழியில் சில பக்கங்கள் மட்டும் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். நம் புள்ளியியல் துறை மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற மணி வடிவ வளைவு, அதாவது இயல்நிலைப் பரவல், முதன்முதலில் தலைகாட்டியது அந்தப் பக்கங்களில்தான். காஸ் அதைத் தொடுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே!

அதன் சாரம் சுலபம். நாணயத்தை 100 தடவை சுண்டினால் தலை 50 என்ற எண்ணிக்கையிலிருந்து ஒரு 5 போல விலகுவது சகஜம். அது நூற்றுக்கு 5. 10,000 தடவை சுண்டினால் 50 போல விலகும். அது நூற்றுக்கு அரைதான். எண்ணிக்கை நூறு மடங்கானால் விலகல் பத்து மடங்குதான் ஆகிறது. காப்பீட்டுத் தொழிலின் உயிர்நாடி இந்த ஒரு வரியில் இருக்கிறது. தெருவில் ஒரு வீட்டில் எப்போது துக்கம் நடக்கும் என்று ஜோசியராலும் சொல்ல முடியாது. ஒரு லட்சம் வீட்டில் வருஷத்துக்கு எத்தனை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அந்த ஏறக்குறைய என்பதற்கு அளவுகோல் கொடுத்தவர் டி மாய்வர்.

இத்தனை செய்தவர் நிம்மதியாக இருந்தாரா என்றால், பாவம், இல்லை. புத்தக விற்பனையையும் ட்யூஷனையும் நம்பி வயிறு வளர்ப்பவருக்குப் போட்டி என்றால் பயம். 1742ல் தாமஸ் சிம்ப்சன் என்ற இளைஞர் அதே பொருளில் நூல் வெளியிட்டார். நெசவாளிக் குடும்பத்தில் பிறந்து சொந்த முயற்சியில் மேலே வந்தவர் அவர். டி மாய்வர் 1743ல் தன் நூலின் அடுத்த பதிப்பில் அந்த இளைஞரைக் கடுமையாகச் சாடினார். சிம்ப்சனும் விடவில்லை, பதில் எழுதினார். இரண்டு பேருமே கஷ்டப்பட்டு முன்னேறியவர்கள். இந்தச் சண்டையைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். மேதை என்பதற்காக இதை மறைத்துச் சொல்வது நியாயம் இல்லை.

1754ல் பாரிஸ் அறிவியல் அகாதெமி அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. துரத்திய நாடு கூப்பிட்டுக் கௌரவித்தது. சில மாதங்களில், அதே வருடம் நவம்பர் 27ஆம் தேதி, லண்டனில் காலமானார். தினமும் கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கி, தூக்கம் 24 மணி நேரத்தைத் தொட்ட அன்று இறந்தார் என்று ஒரு கதையை இன்றும் சொல்கிறார்கள். கூட்டுத் தொடருக்குப் பேர்போனவருக்குப் பொருத்தமாக யாரோ கட்டிவிட்ட கதையாக இருக்கும். ஆனால் இன்னொன்று கதை இல்லை, கணக்கு. இறந்தபோது அவருக்கு வயது 87. மனித ஆயுளுக்குத் தான் போட்ட எல்லையான 86ஐ அவரே தாண்டிவிட்டார்!

இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், அப்போ வாய்பாடு தப்பா சார் என்பார்கள். தப்பில்லை. அந்த 86 கூட்டத்துக்குப் போட்ட கணக்கு, தனி மனிதருக்குப் போட்டது இல்லை. எண்பத்தேழு வயதில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர் முன்னால் வந்து நிற்கும்போது, அட்டவணைப்படி நீங்கள் இல்லை என்று ஆக்சுவரி சொல்ல முடியாது. அவருக்கும் அந்த வருஷத்துப் பென்ஷன் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டியது நம் பொறுப்பு. இன்றைக்கு மனிதர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், அது எல்லோருக்கும் சந்தோஷம். பென்ஷன் நிதிக்குக் கணக்குப் போடுபவருக்கு மட்டும் அதுவே தலைவலி.

அவர் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கணக்கு படித்தவர் ஜேம்ஸ் டாட்ஸன். அந்தக் காலத்து லண்டன் காப்பீட்டுச் சங்கம் ஒன்று 45 வயதைத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. டாட்ஸனுக்கும் கதவை மூடியது. வயதுக்கு ஏற்ற பிரீமியம் வாங்கினால் யாரையும் ஒதுக்க வேண்டியதில்லையே என்று அவர் கணக்கோடு கிளம்பினார். 1757ல் அவர் இறந்துபோனாலும் அந்தத் திட்டப்படி 1762ல் ஈக்விட்டபிள் சொசைட்டி தொடங்கியது. ஆக்சுவரி என்ற பதவிப் பெயர் காப்பீட்டில் முதலில் வழங்கப்பட்டது அங்கேதான். ஆக, டி மாய்வர் காலத்தில் அந்தப் பெயரே இந்தத் தொழிலுக்கு இல்லை. 1825ல் பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் வந்து, வயது ஏற ஏறச் சாவின் வேகம் பெருக்குத் தொடராக ஏறுகிறது என்று காட்டி, டி மாய்வரின் நேர்கோட்டை வளைத்துவிட்டார். காம்பெர்ட்ஸும் யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாமல் தானாகப் படித்து வந்தவர். இந்தத் தொழிலின் அஸ்திவாரக் கற்களில் இரண்டு, கல்லூரி வாசல் மறுக்கப்பட்டவர்கள் வைத்தவை.

நமக்கு அந்தக் குறை இல்லை. நல்ல கல்லூரி கிடைத்தது, நல்ல வாத்தியார்கள் கிடைத்தார்கள். 1944ல் சங்கமாகத் தொடங்கி, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா நம் நாட்டிலேயே பரீட்சை நடத்துகிறது. ஆனால் பரீட்சை லேசானது இல்லை. எனக்கு முடிக்க ஒன்பது வருஷம் பிடித்தது. என்னோடு சேர்ந்து ஆரம்பித்தவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே நின்றுவிட்டார்கள். கணக்கு வராததால் நின்றவர்கள் ரொம்பக் குறைவு. கல்யாணம், குழந்தை, டிரான்ஸ்ஃபர் என்று வாழ்க்கை குறுக்கே வரும்போது புத்தகத்தை மூடியவர்களே அதிகம்.

அவர்களுக்கும் இப்போது படிக்கிறவர்களுக்கும் என்னிடம் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. மொத்தப் புத்தகத்தையும் கண்டு மலைக்க வேண்டாம். நாலு பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் படியுங்கள். வாய்பாட்டை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் அது எங்கே உடையும் என்று தெரியும். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் விடையைத் தந்துவிடும், அது சரி. அந்த விடையின் கீழே போடுகிற கையெழுத்து உங்களுடையது. அதை நம்பி, முகம் தெரியாத ஒரு விதவைத் தாய் மாசாமாசம் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பாள்.

சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளியியல் துறை வராந்தாவில் இருப்பேன். இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க விரும்பும் மாணவர்கள் தயங்காமல் வரலாம். ஃபீஸ் கிடையாது, காப்பி மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்!

— முன்னாள் மாணவன், புள்ளியியல் துறை